மடிக்குப் பதில் வேட்டி

அக்கா மகளுக்குக் காது குத்தப் போகிறார்கள் என்று பாய் வந்து சொன்னபோது, நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டு வாசலில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஜவுளி விற்க மேடானுக்குப் போய் வருகிறவர். அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

எண்ணெய்த் தலையோடு குதித்தேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அந்தப் பிள்ளைக்கு மாமன் நான் ஒருவன்தான். வேறெதற்கும் என்னை யாரும் தேடியதில்லை. மடிக்காவது தேடினார்களே!

கல்யாணமாகிக் கப்பலேறிய அக்காவை அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை. மேடான் ஒன்றும் நிலாவில் இல்லை. கிள்ளான் பக்கம் கப்பலேறினால் கடலுக்கு அந்தக் கரை. ஆனால் அந்தக் கரை டச்சுக்காரனுடையது. அங்கே இறங்க, ஆள் யோக்கியன் என்று இங்குள்ள போலீஸ் ஒரு காகிதம் தர வேண்டுமாம். என் யோக்கியம் போலீஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். வம்பே அதுதான்.

ஸ்டேஷனில் நம்மாள் ஒருவர் காகிதம் எழுதும் கிராணியாக இருந்தார்.

"ஜெயிலுக்குப் போயிருக்கியா?"

"நானா போகலீங்க சார். கூட்டிட்டுப் போனாங்க."

அவர் சிரிக்கவில்லை.

செந்தூலில் நடந்த சேவல் சண்டை அது. போலீஸைக் கண்டு எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். பாதி வழியில் சேவல் ஞாபகம் வந்து திரும்பினேன். அப்படிப்பட்ட அறிவு எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான். சேவலைச் சட்டைக்குள் ஒளித்தேன். என்னடா வயிறு துடிக்கிறதென்று போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். அது பாய்ந்து அவர் கன்னத்தைக் கீறிவிட்டது. போலீஸை அடித்ததாக வழக்கு. கீறியது சேவல், உள்ளே போனது நான்.

"கேஸ் இருக்கு. காயிதம் கெடைக்காது, போ."

"ஒரே ஒரு நாள் சார். புள்ளைய மடியில வச்சிட்டு அடுத்த கப்பல்ல ஓடியாந்துருவேன்."

"நா என்னாப்பா செய்ய? ஒன் சேவல்கிட்டப் போய்க் கேளு."



பாயிடம் போனேன். "பாய், என் மடியக் கழட்டிக் குடுத்தா கொண்டு போவீங்களா?"

"மடி எதுக்கு தம்பி? ஒரு வேட்டி குடு. அதுல ஒக்கார வச்சிக் குத்தட்டும். புதுசு ஒண்ணு கிழிக்கட்டுமா?"

"புதுசு யாரு மடி? நா கட்டுனதுதான் போகணும்."

"சரி, தொவைச்சாவது குடு லா!"

துவைத்து மடித்துக் கொடுத்துத் துறைமுகம் வரைக்கும் கூடவே போனேன். கப்பல் என் வேட்டியை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. வேட்டிக்கு இருந்த யோக்கியம்கூட எனக்கு இல்லை. புகை கரையும்வரை நின்றேன். புகையும் அங்கேதான் போனது.

மழை பிடித்த பிறகுதான் பாய் திரும்பினார்.

"ஒன் மச்சான் மடியில வேட்டிய விரிச்சு ஒக்கார வச்சாங்க. ஆசாரி ஊசிய எடுக்குமுன்னயே ஒன் மருமவ வேட்டிய நனைச்சிட்டா."

"அக்கா என்னா சொன்னிச்சு?"

"நீ வராத காரணத்தச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சேவலுக்கு எத்தன மாசம் குடுத்தாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அப்புறம்?"

பாய் குடையை உதறினார். "அப்புறம் உள்ள போனாங்க. ரொம்ப நேரம் வெளிய வரல."

பொட்டலத்தை நீட்டினார். "நா தொவைச்சுத்தான் கொண்டாந்திருப்பேன். அப்படியே குடுங்க பாய்னு ஒங்கக்கா சொல்லிட்டாங்க."

அவர் போனதும் பிரித்தேன். மூக்கைப் பொத்த வேண்டிய வாடை. நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். ஒரு பிள்ளை உட்கார்ந்த அளவு இருந்தது. சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்த வட்டம் நடுவில் வரும்படி வேட்டியை மடியில் விரித்துக்கொண்டேன். எப்போதோ காய்ந்துபோயிருந்தது.