வேலம்பாசித் தொட்டி

தூத்துக்குடியில் மீன் வளர்க்கிறோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். மீன் என்றால் கூடையில் வரும், ஆய்ந்து கழுவிக் குழம்பில் போடுவோம், அதோடு சரி. அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, மேலே விளக்குப் போட்டு, எதிரே நாற்காலி போட்டுப் பார்ப்பதெல்லாம் எழுபதுகளில் அந்த ஊருக்குப் புத்தி பிசகிய காரியம். அந்தக் காரியத்தை ஆரம்பித்தவர் என் கணவர். செய்தவள் நான். இதை நான் சொன்னால் ஏதோ பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். பெருமை இல்லை, கோபம். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்த மாத்திரத்தில் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கிளார்க். கல்யாணமான புதிதில் ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவர், ஏதோ ஓட்டல் வாசலில் மீன்தொட்டி பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே ஒரு தகர டப்பாவில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்களும், நடைபாதையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகமும் கூட வந்தன. மறுவாரம் வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி வெட்டி, பட்டி வைத்து அடைத்துத் தொட்டி வீட்டுக்கு வந்தது. மூன்று மூலையில் ஒழுகியது. நான்தான் பழந்துணியும் வாளியும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தில் தொட்டிக்குள் செடி நட்டுப் படம் போட்டிருந்தது. பச்சைப் பசேலென்று, தண்ணீருக்குள் ஒரு தோட்டம். அந்தப் படம் எனக்குப் பிடித்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். நான் தாமிரபரணிக் கரைக்காரி. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் வேலம்பாசி கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அதோடு நாடா மாதிரி நீண்ட இலையுள்ள இன்னொரு செடியும் ஓட்டத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். அதற்கு எங்கள் ஊரில் தனிப் பெயர்கூடக் கிடையாது. அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனபோது இரண்டையும் வேரோடு பிடுங்கித் தூக்குச்சட்டியில் தண்ணீரோடு வைத்து, மடியில் ஏந்தி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

மணல் அவர் பொறுப்பு. கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தார். “அலசட்டுமா?” என்றேன்.

“ஏளா, மீனு கடல்லதான இருக்கு? கடல் மணல அலசவா செய்வாவ?” என்றார்.

ஊரே அவர் பக்கம் இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து உள்ளே போட்டார்கள். சோழி, உடைந்த சங்கு, வெள்ளை வெளேரென்று முருகைக்கல் என்கிற பவளப்பாறைத் துண்டு. பக்கத்து வீட்டு அக்கா புருஷன் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். அவர் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரி, உப்பு எங்கன? உப்பில்லாம மீனு எப்பிடி இருக்கும்?” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் என் கணவர் உப்பளத்துக் கல்லுப்பை ஒரு கை அள்ளித் தொட்டியில் போட ஆரம்பித்தார். தண்ணீர் குறைந்தால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவார். அதுவே பாதிக் கடல்.

கப்பி மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை குஞ்சுகூடப் போட்டன. செடிகள்தான் செத்தன. முதலில் மஞ்சள் தட்டியது, பிறகு தண்டு வெளுத்து, விரலால் தொட்டால் கூழாகக் கரைந்தது. “உன் ஊர்ச் செடிக்கு உரம் பத்தல” என்றார். இரண்டாம் முறை கொண்டுவந்தேன். அதுவும் செத்தது. மூன்றாம் முறை கொண்டுவந்த செடியை நடுவதற்கு முன், என்ன தோன்றியதோ, தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. ரசத்துக்கு உப்புப் பார்க்கிறவளுக்கு இது இரண்டு மாதமாகத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆற்றுச் செடியைக் கொண்டுவந்து கடலில் நட்டுவிட்டு, உரம் பத்தவில்லை என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்!

கப்பிகளையும் செடியையும் வாளிக்கு மாற்றிவிட்டு அன்றைக்கே தொட்டியைக் காலி செய்தேன். சங்கு, சோழி, முருகைக்கல் எல்லாம் வாசலுக்குப் போயின. மறுவாரம் அம்மா வீட்டிலிருந்து ஆற்றுமணலைப் பையில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். “இது என்னம்மா, ஊரு விட்டு ஊரு மண்ணக் கடத்துதிய?” என்று கண்டக்டர் முகம் சுளித்தார். மணலைப் பத்துத் தண்ணீர் அலசினேன். கல்லுப்பு ஜாடியை அடுக்களையின் மேல்தட்டுக்கு ஏற்றினேன். அதற்குள் என் கணவருக்குத் தொட்டி மேல் இருந்த மோகம் தணிந்து, கேரம்போர்டு வந்திருந்தது.

இனித் தண்ணீர். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் நல்லதண்ணி என்றால் என்ன என்று அங்கே குடமெடுத்தவளுக்குத்தான் தெரியும். தெருக்குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சண்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்த தண்ணீரில் ஒரு குடத்தை மீனுக்கு ஊற்றுகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “குடிக்கத் தண்ணியில்ல, ஒங் கப்பிக்கு நல்லதண்ணி கேக்குதோ?” அவள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கும் உறுத்தத்தான் செய்தது. அதற்கப்புறம் என் குளியலை முழுக்க உப்புத்தண்ணீருக்கு மாற்றிக்கொண்டேன். தலைமுடி தேங்காய்நார் மாதிரி ஆனது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை அக்காவின் ரோஜாச் செடிக்குக் கொடுத்தேன். அது பூத்த பூவைப் பார்த்துவிட்டு அவளே அப்புறம் வாளியோடு வந்து கேட்க ஆரம்பித்தாள்.

பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை. ஒரு நாள் முழுக்க வாயகன்ற அண்டாவில் திறந்து வைத்து ஊற்றினால் ஒன்றும் செய்யவில்லை. மீன்தொட்டியை ஜன்னலோரம் வைத்தபோது வெயில் பட்டுத் தண்ணீரே பச்சையாகிவிட்டது. உள்ளே தள்ளி வைத்து, பல்பை மட்டும் எரியவிட்டேன். வேலம்பாசி தாறுமாறாக வளரும், வாரம் ஒருமுறை நுனி கிள்ள வேண்டும். நாடாச் செடியின் குருத்தை மணலில் புதைத்தால் அழுகும், வெளியே தெரிய நட வேண்டும். இதில் எதையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் புத்தகம் சொல்லியிருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. தெரிந்தவர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷத்தில் தொட்டி அந்தப் படத்தைவிட அழகாக இருந்தது. இதை நான் சொல்லக் கூடாது, சொல்கிறேன். பின்பக்கம் முழுக்க நாடா இலைகள் மேல்மட்டம் வரை ஏறி மடங்கி மிதக்கும். வேலம்பாசிக்குள் கப்பிக் குஞ்சுகள் புகுந்து புறப்படும். அடுக்களை வேலை முடிந்ததும் அதன் முன்னால் போய் உட்காருவேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

தொட்டி அழகானதும் என் கணவருக்கு மறுபடியும் ஆசை வந்துவிட்டது. ஆபீஸ் சிநேகிதர்களைக் கூட்டிவந்தார். கையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு என்று விளக்கம் சொல்வார். நான் காப்பி கொண்டுவருவேன். ஒருவர் என்னிடம், “அது என்ன செடிம்மா?” என்று கேட்டார். “வேலம்பாசி” என்றேன். அவர்கள் போனபிறகு என் கணவர், “பாசி கீசின்னு சொல்லாத, பிளான்ட்ஸுன்னு சொல்லு. அசிங்கமா இருக்கு” என்றார். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அப்புறம் அவருடைய மேனேஜர் வந்தார். தொட்டி முன்னால் கால்மணி நேரம் நின்றார். “இதெல்லாம் நீரே வச்சதா, வே?” என்றார். “ஆமா சார், சின்ன வயசுலேருந்தே ஒரு இன்ட்ரஸ்ட்” என்றார் என் கணவர். காப்பித் தட்டோடு நான் நின்றிருந்தேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. நான்கு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் தொட்டி இல்லை. மேசையில் இரும்புச் சட்டத்தின் துருக்கறை மட்டும் சதுரமாக இருந்தது. “மேனேஜர் கேட்டாரு. பெரிய மனுஷன் வாய் விட்டுக் கேக்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்ல? ஆபீஸ் வேன்லயே ஏத்திட்டாவ. ஒனக்கு வேற ஒண்ணு செஞ்சா போச்சு” என்றார். பட்டறையில் சட்டம் அடித்தால் தொட்டி ஆகிவிடும் என்று அவர் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார், எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு. தொடவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மீன் சாகிறது, வந்து பாருங்கள் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். “மேனேஜர் சம்சாரம் ஒன்னையும் கூப்பிட்டிருக்காவ” என்று என் கணவர் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எதற்கு அழைத்தார் என்று எனக்குத் தெரியும், அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

தொட்டிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. உள்ளே ஒரு செடி இல்லை. வெறும் மணலும், அதன் மேல் யாரோ ஆசையாக அடுக்கிய சிப்பிகளும், மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று கப்பிகளும்.

தோட்டக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வயசான மனுஷன், பயந்துபோய் நின்றார். “ஐயாதான் கண்ணாடியெல்லாம் பாசி பிடிச்சிருக்கு, பாசிய எடுன்னாவ. எடுத்தேன். ஒரு துணுக்குகூட விடலம்மா” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. துவைகல்லில் வழுக்குவதும் பாசி, கடலில் கிடப்பதும் பாசி, கழுத்தில் கோக்கும் மணியும் பாசி. நான் வளர்த்ததற்கும் அதே பெயர். சொன்னதைத்தான் அவர் செய்தார், அதுவும் ஒழுங்காகச் செய்தார். பிறகு கழுவிய தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஒரு நாள்கூட வைக்காமல் அப்படியே பிடித்து ஊற்றியிருக்கிறார்கள்.

“என்ன கோளாறு, வே?” என்று மேனேஜர் என் கணவரைக் கேட்டார்.

“ஆக்சிஜன் பத்தல சார். ஒரு ஏர் மோட்டார் வச்சிட்டா சரியாப்போகும்” என்றார் இவர், கொஞ்சமும் தயங்காமல்.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். யாரும் தடுக்கவில்லை, பாத்ரூம் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். தோட்டக் குழாயடியில், குப்பைக்குழியின் ஓரத்தில் அது கிடந்தது. மேலே காய்ந்து கறுத்த சருகு. குழாய் சொட்டுகிற பக்கம் மட்டும் ஈரம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சில நாடாச் செடிகளுக்கு வேர் வெள்ளையாக இருந்தது. வேலம்பாசியில் இரண்டு மூன்று நுனி பச்சை விட்டிருந்தது. முந்தானையை நனைத்து அதில் வைத்தேன்.

எல்லாரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். “அது குப்பைம்மா. வெறும் பாசி” என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே.

“இது என் செடி” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. “ஆத்துலேருந்து நான் கொண்டுவந்தது. நான் நட்டது. இவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

மேனேஜர் சிரிப்பு நின்றது. என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். நான் பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். ஒரு கொத்தைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இதுல உயிரோட இருக்கது எதுளா?” என்றார் மெதுவாக.

அந்தத் தொட்டியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொண்டேன்.