கட்டுக்கு நடுவில் ஒரு குதிரை

காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. பழைய பேப்பர் கடையில் அரிய புத்தகம் கண்ணில் பட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. வேண்டாத வார இதழ்களுக்கு நடுவே செருகி, மொத்தமாக எடைக்கு வாங்கிவிட வேண்டும். மேற்கு மாம்பலத்தில் செல்வி அக்கா கடையில் பல வருடங்களாக நான் அப்படித்தான் வாங்கினேன்.

போன மாதம் அங்கே குவியலைக் கிளறியபோது ஒரு தாளை உருவினேன். கையில் வந்தது அச்சடித்த பக்கம் இல்லை. ஓவியர் கையால் வரைந்த மூலப் படம். பாயும் குதிரையின் பிடரியில் மை விரலுக்குத் தட்டுப்பட்டது. தவறிய கோடு ஒன்றை வெள்ளைப் பூச்சு மறைத்திருந்தது. இப்படி ஒன்றுக்காக எத்தனை வருடம் அலைந்திருப்பேன்! வழக்கம்போல இதழ்களுக்குள் ஒளித்தேன். அக்கா எடை போட்டுக் கொடுத்தார்.

இதழ்க் கட்டை என் வண்டியில் வைத்துக் கயிறு கட்டும்போது அக்கா பின்னாலேயே வந்தார். கையில் இரண்டு கெட்டி அட்டைகள்.

“நடுவுல கையால வரைஞ்ச படம் கீதே சார், கயிறு இறுக்குனா மடங்கிடும். ரெண்டு பக்கமும் இத வெச்சிக்கோ.”

“உங்களுக்குத் தெரியுமா அக்கா?”

“நீ வர்றத பாத்துதான் குவியல்ல வெச்சேன். இன்னிக்காவது வாயத் தொறந்து கேப்பியான்னு பாத்தேன்.”

அடுத்த வாரம் ஒரு பழைய காமிக்ஸ் கிடைத்ததும் தலைக்கு மேலே தூக்கி அவரிடம் காட்டினேன். சந்தோஷத்தை மறைக்காமல் இருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருப்பது, இத்தனை வருடம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.