அக்காவின் கால்களுக்கு ஒரு வரைபடம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு காஜா பெராங் தெருக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் புதுக் கொடி வேண்டியிருந்தது. அக்காதான் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் எங்கு பார்த்தாலும் சிவப்பும் வெள்ளையுமாகத் துணிப்பட்டைகள். சன்னல் காற்றில் அவை தரையோடு அலைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் துணிக்கட்டைத் தூக்கியவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

டாக்டரிடம் நாங்கள் ஒன்றையும் விடாமல் சொன்னோம்: இடுப்பு வலி, இரண்டு கால்களிலும் மரமரப்பு, உட்காரும் இடத்தில் உணர்வே இல்லை, சிறுநீர் பிரியவில்லை. அவர் ஊசிமுனையால் அவள் கால்களை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று மலாயில் கேட்டார். ஒவ்வொரு முறையும் தெரிகிறது என்றாள் அக்கா. தைலம் எழுதிக் கொடுத்து, படுத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். முதுகுத்தண்டில் நரம்புகள் நசுங்கியிருப்பதைப் பிறகு சிங்கப்பூரில்தான் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வலி போயிற்று. கால்களில் உணர்வு திரும்பவில்லை. கட்டைகளை ஊன்றி நடந்தாள். தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை.

இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டோம். டாக்டரின் குறிப்பில் கால்களில் உணர்வு நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறது, அதைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்றார் வக்கீல். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அக்காவைக் கேட்டார்.

“ஊசி படறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு சார். அவ்வளவு மெதுவா கேக்குறாரு, எப்படி இல்லன்னு சொல்றது?”

“கண்ண மூடச் சொல்லலியாம்மா?”

“இல்லியே.”

வக்கீல் அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நிபுணர் வந்து அக்காவைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. எனக்கு அதுதான் கவலை. மரியாதைக்காக மட்டும் அவள் தெரிகிறது என்று சொல்லவில்லை. யார் விசாரித்தாலும் கால் கொஞ்சம் தேவலை என்பாள். இல்லை என்று ஒரு முறை சொல்லிவிட்டால் கால்களையே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று பயந்தாள். சொல்லாவிட்டால் வழக்கு போய்விடும்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். ஒரு ஞாயிறு மதியம் கதவைச் சாத்தி, அவளைப் பாயில் படுக்கவைத்து, கண்களை மூடச் சொன்னேன். தேவையானவை: ஒரு குண்டூசி, கொஞ்சம் பஞ்சு, பென்சில், உடம்பின் முன்புறமும் பின்புறமும் கோடாக வரைந்த ஒரு தாள். தொடைக்குப் பின்னால், உட்காரும் இடத்தில், கெண்டைக்காலில், பாதத்தில் என்று தொட்டுக்கொண்டே போனேன். என்னிடம் அவள் மறைக்கவில்லை. உணர்வு முடியும் இடமெல்லாம் புள்ளி வைத்தேன். வெளியே மழைக்கு முந்தைய வெளிச்சம். புள்ளிகள் சேரச் சேர, உள்வாங்கியும் துருத்தியும் ஒரு கடற்கரை மாதிரி கோடு வந்தது.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “எந்த ஊருடி இது?”

“உஜோங் பாசிர் கடற்கர.”

“அப்ப இந்தப் பக்கம் பூரா கடலா? நீலம் அடிச்சிரு. அரசாங்க வேலக்காரி, சுத்தமா அடி.”

சிரித்தாள். பிறகு நீண்ட நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

நிபுணர் பரிசோதித்த அறையில் பச்சைத் திரை போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் சொல்வதற்கு முன்பே அக்கா கண்களை மூடிக்கொண்டாள். இல்லை என்றாள். இல்லை. இங்கே இருக்கிறது. இல்லை. துணிக்கு அளவு சொல்கிற அதே குரல். அவர் ஊசி போன வழியெல்லாம் எனக்குத் தெரிந்த கரையாகவே இருந்தது. எங்கும் அவள் தவறவில்லை.

வழக்கு விசாரணைக்கு வராமலே சமரசமாக முடிந்தது. இழப்பீடு வந்தது, கையால் சுற்றும் தையல் மெஷினும் வந்தது. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது நிபுணர் பார்த்த அன்று பெச்சா ரிக்ஷாவில் வீடு திரும்பியதுதான். கட்டைகள் எங்கள் மடிமேல் குறுக்கே கிடந்தன. அக்கா கண்களை இன்னும் மூடியே வைத்திருந்தாள்.

“ஊசி ஒன்னுமே தெரியலடி,” என்றாள். “ஆனா கால் ரெண்டும் தண்ணியில கெடக்குற மாதிரியே இருந்துச்சு. வெதுவெதுன்னு.”

அதை நிபுணரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

“அவரு ஊசியப் பத்தித்தானே கேட்டாரு.”