நங்கூரக் கயித்துல தொங்கின சம்மனசு

அந்தக் கயித்தோட வாசனை இன்னும் மூக்குல நிக்குது... உப்பு, டீசல், மீன் கவுச்சி எல்லாம் சேர்ந்து. வானத்துலேர்ந்து இறங்கி வர்ற சம்மனசு, அதான் தேவதூதர், மேல அப்படி ஒரு வாடை வரக்கூடாதுதான். என்ன பண்ண, என் இடுப்புல கட்டியிருந்தது எங்க அய்யா மீன்பிடிப் படகோட நங்கூரக் கயிறு!

அப்போ ஆறாங்கிளாஸ். பாம்பன் பக்கம் எங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், கோயில் வாசல்ல பாலன் பிறப்பு நாடகம் நடக்கும். அந்த வருஷம் நாடகம் போட்ட சிஸ்டருக்கு ஒரு ஆசை... சம்மனசு மேலேர்ந்து பறந்து இறங்கணுமாம். இருந்ததுலயே ஒல்லிக்குச்சி நான்தான், என்னையப் பிடிச்சுப் போட்டுட்டாங்க. மொட்டை மாடி ஏறினாலே எனக்குக் கால் வெடவெடன்னு ஆடும். வெளிய சொல்ல வெக்கம்.

அய்யாவுக்கு மட்டும் தெரியும். அம்மா பக்கத்துல அவருக்குன்னு சேர் போட்டு வெச்சிருந்தாங்க, உட்காரல.

"எம்மக தொங்குறதுன்னா என் கயித்துல, என் கையிலதான் தொங்கணும்."

அயர்ன் பண்ண புதுச் சட்டையோட படுதாவுக்குப் பின்னாடி போயிட்டார். வேப்ப மரக் கிளையில கப்பியை மாட்டினார். கயித்துப் பிடியை வேற யாருக்கும் கொடுக்கல.

மேல தூக்கினார். தெர்மாகோல் இறக்கையில வாடைக்காத்து பிடிச்சுது பாருங்க... பம்பரம் மாதிரி ஒரு சுத்து! கீழ ஆடு மேய்க்கிறவங்களா நின்ன பசங்க என்னையப் பார்த்து நடுங்கணும். அவனுக சிரிப்பு தாங்காம துண்டை வாயில திணிச்சுக்கிட்டானுக.

"பயப்படாதீர்கள்!"... அதுதான் என் முதல் வசனம். எனக்கு நாக்கே எழும்பல. ஊரே அண்ணாந்து பார்க்குது. அழுதுருவேன் போல இருந்துச்சு.

அப்போ படுதாவுக்குப் பின்னாலேர்ந்து அய்யா குரல்...

"ஏத்தா, பயப்படாத. அய்யா புடிச்சிருக்கேன்ல."

மெதுவாச் சொன்னதா அவருக்கு நெனப்பு. கடல்ல கத்திக் கத்திப் பழகின தொண்டையாச்சே, கடைசி வரிசை வரைக்கும் கேட்டுருச்சு! சம்மனசுக்கே தைரியம் சொல்ல ஆள் வந்தாச்சுன்னு ஊர் சிரிச்ச சிரிப்பு இருக்கே... அதுலயே என் பயம் போயிருச்சு. மொத்த வசனத்தையும் மூச்சு விடாம சொல்லிட்டேன். என்ன, காத்து திருப்பி விட்டதுல, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சொன்னேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மதுரையில என் மக ஸ்கூல் நாடகம். அவதான் சம்மனசு. கார்பெட் விரிச்ச படியில பத்திரமா நடந்து இறங்கினா. ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிட்டாங்க, நானும்தான். என் நாடகத்துக்கு ஒரு போட்டோகூட இல்ல...

பக்கத்துல அய்யா. இப்போ கடலுக்குப் போறதில்ல, கை நடுக்கம். பேத்தியைக் கண் இமைக்காம பார்த்துக்கிட்டு இருந்தார். எனக்கு மனசு கேக்கல.

"அன்னைக்கு ஊரே என்னையப் பார்த்துச்சு. நீங்க மட்டும் பாக்கலயேய்யா..."

அவர் மேடையிலேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பாத்தவுகளுக்கு என்னத்தா தெரியும்? ஒம் பாரம் பூராம் என் கையிலல்ல இருந்துச்சு."