வாழையிலை முன்னால் எடுத்த படம்

சில வருடங்களுக்கு முன்பு, கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் அணு ஆயுதச் சோதனைத் தடை பற்றி மூன்று நாள் கூட்டம் நடந்தது. பெயர் அட்டை கொடுப்பது, வேன் ஏற்பாடு செய்வது, யாருக்கு என்ன சாப்பாடு என்று பார்ப்பது என் வேலை. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனேன். படம் எடுக்கக் கூடாது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று முதல் நாளே எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன்.

வந்தவர்களில் இரண்டு பேர் ஓய்வுபெற்ற நில அதிர்வு விஞ்ஞானிகள். ஒருவர் தமிழ்நாட்டுக்காரர், இன்னொருவர் லாகூர்க்காரர். கூட்ட அறையில் இருவரும் எழுதி வந்ததை வாசித்தார்கள். தடை உடன்படிக்கையில் நீங்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒருவர், நீங்கள் ஆரம்பித்ததுதானே என்று மற்றவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

இரண்டாம் நாள் மதியம் தமிழ்நாட்டுக்காரர் என்னிடம் வந்தார். "ஏம்மா, ஹோட்டல் சாப்பாடு நாக்குல ஒட்டல. நம்ம சாப்பாடு பக்கத்துல எங்க கிடைக்கும்?"

"பிரிக்பீல்ட்ஸ் போலாம் சார், நம்ம தமிழ்க் கடைங்க நிறைய இருக்கு. வேன் இருக்கு."

வேன் கதவைத் திறந்தபோது அவருக்குப் பின்னால் லாகூர்க்காரரும் நின்றார்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். தொண்ணூற்றெட்டு மே மாதம் இரண்டு நாடுகளும் அடுத்தடுத்து குண்டு வெடித்துச் சோதித்தபோது, தமிழ்நாட்டுக்காரரின் நாடு வெடித்ததன் அதிர்வை லாகூர்க்காரர் தன் ஊரில் அளந்திருக்கிறார். லாகூர்க்காரரின் நாடு வெடித்ததைத் தமிழ்நாட்டுக்காரர் தன் பக்கத்தில் அளந்திருக்கிறார்.

"நீங்க வெளியில சொன்ன அளவும் என் காகிதத்துல வந்த அளவும் ஒத்துப்போகலையே" என்றார் லாகூர்க்காரர்.

"உங்க அளவு மட்டும் ஒத்துப்போச்சா?" என்று தமிழ்நாட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரசம் இலையைத் தாண்டி மேசையில் ஓடியது.

பிறகு ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதினார்கள். எல்லை ஓரத்தில் நிலம் நடுங்கினால், அந்தப் பதிவை இரு பக்கமும் அன்றைக்கே பரிமாறிக்கொள்ள வேண்டும். இயற்கையாக வந்த நடுக்கத்தை யாரும் சோதனை என்று நினைத்துப் பதறிவிடக் கூடாது. மறுநாள் இருவரும் சேர்ந்து அதை முன்வைப்பதாகப் பேச்சு.

நான் போனை எடுத்தேன். "சார், ஒரு படம்?"

"எடுத்துக்கம்மா. ஆனா உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

ரயிலில் வீடு திரும்பும்போது அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமைதான், வேறென்ன. என் தம்பி அதை எடுத்து ஃபேஸ்புக்கில் ஏற்றினான்: அணுகுண்டு நாடு ரெண்டும் நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல ஒரே மேசையில! விடிவதற்குள் படம் லாகூர் வரை போயிருந்தது. துரோகி என்று இரண்டு நாட்டுக்காரர்களும் அவரவர் ஆளைத் திட்டி எழுதியிருந்தார்கள்.

தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "நல்ல படம்தானேக்கா, இதுல என்ன லா?" என்றான். அழித்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் லாகூர்க்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. ஊரிலிருந்து அழைப்பு வந்து, முதல் விமானத்தில் கிளம்பிவிட்டார். காலை உணவு மேசையருகே கூட்டத்தின் தலைவர் கேட்டார், படத்தை எடுத்தது யார் என்று. பெயர் அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். தமிழ்நாட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"என் போன்தான். கடைக்காரர்கிட்ட கொடுத்து எடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பினேன், அங்கேருந்து போயிருக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை ஒப்பந்தத்தை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதுதான் காரணம், இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

அன்று அந்த வாக்கியத்தை யாரும் முன்வைக்கவில்லை. விமான நிலையத்துக்கு அவரை வேனில் ஏற்றிவிட்டபோது "வரேம்மா" என்றார், அவ்வளவுதான். என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அடுத்த வருடக் கூட்டத்துக்கு வந்த பெயர்ப் பட்டியலில் இருவருமே இல்லை.

சமீபத்தில் ஒரு மே மாதம் இரண்டு நாடுகளும் நான்கு நாள் ஏவுகணை விட்டுக்கொண்டன. கிள்ளானில் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஒரு வாக்கியம் இதைத் தடுத்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பழைய பட்டியலைத் தேடி, தமிழ்நாட்டுக்காரரின் மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்து, நடந்ததை முழுக்க எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. உடம்பு பரவாயில்லை என்று எழுதியிருந்தார். லாகூர் நண்பர் அதன் பிறகு தன் கடிதம் எதற்கும் பதில் போடவில்லை, அவருக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். என்னை மன்னித்ததாக எழுதவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.