மூண்டாம் பூத்திலை நாலு குட்டி

காசு குடுத்து ரெலிபோன் கதைக்கிற கொமினிகேசனிலை கவுண்டரிலை இருக்கிறவைக்குக் காது இல்லை எண்டுதான் சனம் நினைச்சுக்கொண்டிருந்தது. நீங்களும் அந்தக் காலத்திலை வரிசையிலை நிண்டு, முறை வந்ததும் உள்ளை போய், "ஹலோ, கேக்குதோ?" எண்டு கத்தினவையாத்தான் இருப்பியள். ரொறொன்ரோவிலை கேட்டுதோ தெரியாது, எனக்கு நல்லாக் கேட்டது.

எங்கடை கடை வெள்ளவத்தையிலை, காலி வீதியிலை இருந்தது. ஊரிலையிருந்து வந்து, விசாவுக்கும் ஸ்பொன்சருக்கும் காத்துக்கொண்டு லொட்ஜ் வழிய கிடந்த சனம்தான் வாறது. நானும் அப்பிடி வந்து கிடந்தவள்தான். காத்திருக்கிற நேரத்துக்கு இந்த வேலை. வெளிநாட்டுக்குக் கதைக்க மூண்டு பூத், இடையிலை மெல்லிசுப் பிளைவுட் பலகை. நான் ஒருநாளும் ஒட்டுக் கேட்டதில்லை, பலகைதான் கேக்க வைச்சது. மூண்டாம் பூத் பழுது. அதுக்குள்ளை பழைய ரெலிபோன் புத்தகங்களை அடுக்கி வைச்சிருந்தம்.

ஆற்றை குழந்தை?

சின்னத்துரை ஐயா ஒவ்வொரு ஞாயிறும் வருவார். மனுசி செத்த பிறகு ஆரோ வீட்டோடை ஒட்டின ஒரு அனெக்ஸிலை தனிய இருந்தவர். ஒரே மகன் கனடாவிலை. அண்டைக்கு ரெண்டாம் பூத்துக்குள்ளை போனவர், கதை துவங்கின கையோடை முகம் செத்துப்போய் வெளியிலை வந்தார். அப்பதான் எனக்கும் பக்கத்துப் பூத்துக்குள்ளையிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. திறந்து பாத்தால், கடைக்குப் பின்னாலை திரியிற சாம்பல் பூனை, ரெலிபோன் புத்தகங்களுக்கு மேலை நாலு குட்டியோடை படுத்திருக்குது. கதவுக்குக் கீழை கழண்டு கிடந்த பலகைக்குள்ளாலை போயிருக்கு.

"என்ன ஐயா, லைன் வெட்டுப்பட்டுட்டுதோ?" எண்டு கேட்டன்.

"லைன் வெட்டுப்படேல்லை, பிள்ளை. 'அப்பா, பக்கத்திலை அழுகிறது ஆற்றை குழந்தை?' எண்டு கேட்டுட்டு அவன்தான் போனை வைச்சிட்டான்."

நாலாவது ஆள்

எங்கடை முதலாளிக்குப் பூனையைக் கண்ணிலை காட்டக் கூடாது. மூண்டாம் பூத்தைத் திருத்த ஆள் வருது, அதுக்கு முதல் குட்டியள் போகவேணும், இல்லாட்டி மீன் லொறிக்காரனிட்டைக் குடுத்து முகத்துவாரத்துக் கடற்கரையிலை விடச் சொல்லுவன் எண்டிட்டார். நல்ல காலம், திருத்த ஆள் வாறதெண்டால் கிழமைக் கணக்கு எண்டு உங்களுக்கும் தெரியும்தானே. அதுக்கிடையிலை குட்டியள் கண் முழிச்சு, சோறு தின்னப் பழகி, பூத்துக்குள்ளை ஓடத் துவங்கீட்டுதுகள்.

'நல்ல வீடு இருந்தால் பூனைக்குட்டி தரப்படும்' எண்டு எழுதி கவுண்டரிலை ஒட்டினன். வாசிக்கிற சனமெல்லாம் குட்டியைத் தடவும், கொஞ்சும், பிறகு 'வீடு' எண்ட சொல்லிலை விரலை வைச்சுச் சிரிச்சுப்போட்டுப் போகும். எங்களுக்கு எங்கை வீடு? சரி, நானே ஒண்டை வைச்சிருப்பம் எண்டு என்ரை லொட்ஜ் மனேஜரைக் கேட்டன். மனுசன் வலு யோசனையோடை சொன்னார்:

"பிள்ளை, உன்ரை அறைக்கு மூண்டு பேர் எண்டுதான் பொலிசிலை பதிஞ்சிருக்கு. நாலாவது ஆளுக்கு நான் என்ன பேர் குடுக்கிறது?"

நீயே கேள்

ரெண்டு ஞாயிறு சின்னத்துரை ஐயாவைக் காணேல்லை. மூண்டாம் ஞாயிறு வந்து, வணக்கமும் சொல்லாமல், "அந்தக் கத்தின குட்டி எது?" எண்டார். வெள்ளையிலை மண்ணிறம் போட்டதுதான் பெரிய தொண்டை. அதைத் தூக்கிக் குடுத்தன். குட்டியோடை பூத்துக்குள்ளை போனார். நான் கணக்குப் பாக்கிற மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தன்.

ஐயா பேசினார், குட்டி பேசேல்லை. எத்தினை வெளிநாட்டு நிமிசம் வீணாப் போச்சுதோ. கடைசியிலை அது வாயைத் திறந்தது. கடை முழுக்க ஐயாவின்ரை குரல் கேட்டது. அண்டைக்குப் போகேக்கை குட்டி அவற்றை சேட்டுப் பைக்குள்ளை இருந்தது. அதுக்கு முதல் அவர் மகனுக்குக் கத்தினது இதுதான்:

"கேட்டியோடா? இதுதான் குழந்தை. இனி இவரும் ஞாயிறு ஞாயிறு உன்னோடை கதைப்பார்."

ஹெந்தளை வீடு

பிறகு ஒருத்தர் காரிலை வந்தார். லண்டனிலை இருக்கிற மகளுக்குப் போன். "எங்கடை ஜிம்மியைக் காணேல்லையம்மா, நான் தேடாத இடமில்லை." குரல் தழுதழுத்தது, எனக்கே கண் கலங்கிச்சுது. வைச்ச கையோடை இன்னொரு போன், இது ஆரோ சிநேகிதனுக்கு. "நாயோ? ஒருகொடவத்தையிலை கொண்டெய்னர் யாட்டுப் பக்கம் இறக்கி விட்டிட்டன். கரைச்சல் முடிஞ்சுது."

வெளியிலை வந்து நோட்டீசை வாசிச்சிட்டு, ஒரு குட்டி தரச் சொன்னார். ஹெந்தளையிலை பெரிய வீடாம், சுத்தி மதிலாம், தோட்டமாம், வேலைக்காரப் பிள்ளையும் இருக்காம். அந்த வீடு எண்டால் நானே போய் இருந்திருப்பன். ஆனால் ஜிம்மியின்ரை கதை கேட்டதெண்டு காட்டாமல் என்னெண்டு மாட்டன் எண்டிறது? "எல்லாக் குட்டியும் சொல்லி வைச்சாச்சு, ஐயா" எண்டன். அவர் நோட்டீசைப் பாத்தார், என்னைப் பாத்தார், பிறகு பலகையை விரலாலை தட்டிப் பாத்தார்.

"அப்ப இதுக்குள்ளாலை எல்லாம் கேக்குது, என்ன தங்கச்சி?"

கத்துற அன்ரி

பக்கத்துத் தையல்கடையிலை வேலை செய்யிற ஸ்டெல்லா அன்ரி கொட்டாஞ்சேனை ஆள். டுபாயிலை இருக்கிற புருசனுக்கு அவ எடுத்தால் பலகை நடுங்கும். சம்பளம் வந்ததிலையிருந்து சவர்க்காரம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஏச்சு. இவவுக்கு மட்டும் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்து வைச்சிருந்தன்.

ஒருநாள் ஏசி முடிச்சு வந்து, முந்தானையாலை கண்ணைத் துடைச்சுப்போட்டு, குட்டியளுக்குப் பக்கத்திலை குந்தினா. வீடு சொந்தமோ எண்டன். தாய் விட்டுப்போன வீடு, சின்னன்தான் எண்டா. பிறகு வரி போட்ட ரெண்டையும் மடியிலை எடுத்தா. நான் "ஒண்டு காணும்தானே, அன்ரி" எண்டு இழுத்தன்.

"ரெண்டாத் தாங்க, மகள். எனக்காச்சும் கத்துறதுக்கு டுபாயில ஒருத்தர் இருக்கார். இது தனியப் போனா யாரோட சண்டை பிடிக்கிறது?"

கறுப்பி

கடைசியா மிஞ்சினது ஒரு கறுப்புக் குட்டி. கறுப்பு, அதிலையும் பெட்டை. ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. திருத்த ஆள் வாற நாள் காலமை நான் போனால் பூத் வெறுமை. முதலாளி தலை நிமிராமல், "லொறிக்காரனிட்டைக் குடுத்தாச்சு" எண்டார். பின்னுக்குப் போய் அழுதன். ஹெந்தளையாருக்காவது குடுத்திருந்தால் கொஞ்ச நாள் எண்டாலும் மதிலுக்குள்ளை இருந்திருக்கும் எண்டு என்னையே ஏசினன். தாய்ப்பூனை ஃபக்ஸ் மெசினுக்குக் கீழை போய்ப் படுத்தது.

திருத்தினவன் போன பிறகு, லைனைப் பாக்கவேணும் எண்டு முதலாளி மூண்டாம் பூத்துக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினார். தெகிவளையிலை தன்ரை வீட்டுக்குத்தான் எடுத்தார். குரலை நல்லாத் தணிச்சுத்தான் கதைச்சார். பாவம், கவுண்டரிலை இருக்கிறவைக்குக் காது இல்லை எண்டு அவரும் நினைச்சிருக்கிறார்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. அது கிடக்கட்டும், கறுப்பி சாப்பிட்டவவோ? சூடை மீனை முள்ளெடுத்துக் குடு. கடையிலை ஆருக்கும் சொல்லிப்போடாதை, பேந்து எனக்கு மரியாதை இருக்காது."

எங்கடை கொமினிகேசனிலை காத்துக்கொண்டு கிடந்த அத்தினை பேருக்குள்ளையும், அந்த வருசம் நிரந்தர விலாசம் கிடைச்சது அந்த நாலு குட்டியளுக்கு மட்டும்தான்.