கோயில் ஸ்பீக்கர் கொடுத்த லீவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குப் பொய் சொன்னது நான் இல்லை, கோயில் ஸ்பீக்கர். அதற்குச் சொல்லிக்கொடுத்தது வேண்டுமானால் நானாக இருக்கலாம்.

கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவள் நான். சம்பளத்துக்குச் செய்யும் வேலை ஒரு பக்கம் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட ஒரு மென்பொருள்மேல் எனக்குத் தீராத பைத்தியம். அது என்ன செய்யும் என்று கேட்பவர்களிடம் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் மாதிரி என்று சொல்வேன். எங்கிருந்து வந்தாலும் அங்கே இறங்கி, போக வேண்டிய ஊருக்கு பஸ் மாறலாம். அப்படித்தான் அது ஒரு கருவியிலிருந்து வரும் செய்தியை இன்னொரு கருவிக்கு ஏற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனியாக ஓர் இணைப்பான் வேண்டும். அதை எழுதிக் கொடுப்பவரின் பெயரைத் தலைப்பிலேயே போடுவார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர்தான். அதுவரை நான் கொடுத்ததெல்லாம் அடுத்தவர் எழுதியதில் எழுத்துப் பிழை திருத்தியது. முழுசாக ஓர் இணைப்பான், என் கையால், என் பெயரோடு! நினைத்தாலே சோறு இறங்காது, சத்தியமாக.

எதற்கு எழுதுவது என்பதைத் தண்ணீர் காட்டிக்கொடுத்தது. மலை உச்சித் தொட்டியிலிருந்து லயத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்த மாரியம்மனுக்கே தெரியாது. தொட்டிக் குழாயில் ஓர் உணரியை வைத்து, அது சொல்வதைக் கோயில் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் என்ன? வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் திருவிழாவுக்கு வாங்கிக் கொடுத்த புது ஸ்பீக்கர் அது. வைஃபையில் ஓடும், எழுதி அனுப்பினால் தமிழில் வாசிக்கும். தேடிப் பார்த்தேன். அந்த வகை ஸ்பீக்கருக்கு உலகத்தில் ஒருவருமே இணைப்பான் எழுதியிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே குதித்தேன்.

எழுதி அனுப்பினேன். எங்கோ ஒரு தேசத்திலிருந்து அதைப் பரிசோதிக்கிறவர் பதில் போட்டார்: நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையான ஸ்பீக்கரில் ஓட்டி வீடியோ அனுப்பு, இல்லாவிட்டால் சேர்க்க முடியாது. இந்த மலையில் அந்த ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். அது கோயில் தலைவரின் பொறுப்பில் இருந்தது.

"மெதுவா வச்சி ஒரே ஒருக்கா பாத்துக்க புள்ள," என்றார் தலைவர். "சத்தம் கோயில விட்டு வெளிய போகக் கூடாது. அப்புறம் எனக்குத்தான் பேச்சு விழும்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். தலைவர் ஸ்பீக்கர் பெட்டி இருந்த அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். நான் கோயில் மண்டபத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, போனைச் சுவரில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் சோதனைக்கு 'வணக்கம் உலகமே' என்கிற மாதிரி ஏதாவது அனுப்புவார்கள். நான் எப்போதும் அனுப்புவது 'நாளைக்குப் பெரட்டு இல்லை.' பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளர்களைக் கூட்டி நிறுத்தி, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து விடுவது. அது இல்லையென்றால் அன்றைக்கு லீவு, அம்மா வீட்டில் இருப்பாள். சின்ன வயதில் என் காதில் விழுந்ததிலேயே இனிப்பான வார்த்தை அதுதான். பழக்க தோஷத்தில் அதையே அனுப்பினேன்.

சத்தத்தைப் பத்து என்று வைத்திருந்தேன், நூற்றுக்குப் பத்து என்ற நினைப்பில். அந்தச் சனியனுக்குப் பத்துதான் உச்சம்.

"நாளைக்குப் பெரட்டு இல்லை!" என்று மலையே அதிர ஒரு பெண் குரல் அறிவித்தது. நான் துள்ளி விழுந்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்தி போய்ச் சேர்ந்தது என்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று நான்தான் கெட்டிக்காரத்தனமாக எழுதி வைத்திருந்தேன். ஸ்பீக்கரோ, முழுசாக வாசித்து முடித்த பிறகுதான் பதில் சொல்லும். அதுவரை பொறுக்காமல் என் நிரல் மறுபடி அனுப்பியது, மறுபடியும் அனுப்பியது. நான் லேப்டாப்பை அடித்து மூடினேன். வாங்கி வைத்ததையெல்லாம் சொல்லித் தீர்க்காமல் ஓயமாட்டேன் என்று அது தொடர்ந்தது. "நாளைக்குப் பெரட்டு இல்லை! நாளைக்குப் பெரட்டு இல்லை!"

எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூவிய கூவல் இருக்கிறதே! குலவை போட்டார்கள். ஒருத்தி, "நான் நாளைக்கு நுவரெலியா போறேன்டி!" என்று கத்தியது கோயில் வரைக்கும் கேட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தலைவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, சாவித் துவாரத்தைத் தேடித் தடுமாறி, கதவைத் திறந்து வயரைப் பிடுங்கினார். "கழட்டியாச்சி! இனி இந்தப் பக்கம் வந்துறாத!" என்றார். என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. ஸ்பீக்கர் போனால் இணைப்பான் போச்சு. என் பெயரும் போச்சு.

அதற்குள் கண்டாக்கின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மலையில் வேலை வாங்கும் அதிகாரி அவர்; அவருக்கும் மேலே தோட்ட மேனேஜர், நாங்கள் தொரை என்கிறவர்.

"யாரும்மா பெரட்டு இல்லன்னு சொன்னது? தொரை சொன்னாரா?"

"கம்பியூட்டர் சொல்லிச்சிங்க ஐயா."

"தொரைக்குத் தெரியாம கம்பியூட்டர் லீவு குடுக்குமா?"

தலைவர் பிடுங்கிய வயரைத் தூக்கிக் காட்டினார். கண்டாக்கு அதைப் பார்த்தார், எதிர் மலையைப் பார்த்தார். அங்கே கொண்டாட்டம் இன்னும் ஓயவில்லை. "நான் போயி ஒவ்வொரு லயமா சொல்லிக்கிட்டு இருக்க ஏலாது," என்றார். "மாட்டுங்க தலைவரே. இல்லன்னு சொன்ன வாயே இருக்குன்னும் சொல்லட்டும்."

இரண்டு பெரிய மனிதர்களும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மண்டபத் தரையில் உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். ஸ்பீக்கர் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திரு என்று எழுதினேன். சத்தத்தை அதன் கணக்குக்கு மாற்றினேன். எல்லா லயத்துக்கும் கேட்க வேண்டுமே என்று இந்த முறை வேண்டுமென்றே பத்து வைத்தேன்.

"நாளைக்கு வழக்கம்போலப் பெரட்டு உண்டு."

ஒரே ஒரு தரம்தான். பிறகு அமைதி. அடுத்த நிமிடம் எதிர் மலை முழுக்க "ஊ...!" என்று ஊளையிட்டது. "மொதல்ல சொன்னதுதான் சரி! இது பொய்யி!" என்று ஒரு குரல் வந்தது. கண்டாக்கே தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்துவிட்டார். தலைவரோ, ஏதோ அவரே எழுதியதுபோல, "பாத்தீங்களா, ஒருக்காதான் சொல்லிச்சி!" என்றார். வயரை அவர் மறுபடி பிடுங்கவில்லை.

போனில் எல்லாமே பதிவாகியிருந்தது. வெட்டாமல் அனுப்பினேன். பரிசோதிக்கிறவர் நிரலைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், பின்னால் கத்துகிறவர்களுக்கு ஏதாவது ஆபத்தா என்று கேட்டிருந்தார். ஆபத்தில்லை, சந்தோஷம் என்று எழுதினேன்.

சில நாள் கழித்து ஒரு மாலை, அம்மா மலையிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது: சேர்த்துக்கொண்டோம், தலைப்பில் உன் பெயர் இருக்கிறது. போனைத் தூக்கிக்கொண்டு வெறும் காலோடு ஓடினேன்.

"அம்மா! பேர் பதிஞ்சிட்டாங்க! என் பேர பதிஞ்சிட்டாங்கம்மா!"

தண்ணீருக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாடி சொன்ன? யார கேட்டுப் பதிஞ்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தோட்டத்தில் பேர் பதிவதற்கு ஒரே அர்த்தம்தான். செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் கணக்கில் பேர் ஏறும், மறுநாள் விடியும்போது பெரட்டில் நிற்க வேண்டும். அம்மாவை அப்படித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பதிந்தார்கள். என் பேரைப் பதியச் சொல்லி யார் வந்து கேட்டாலும், செத்தாலும் விடமாட்டேன் என்று நின்றவள் அவள்.

"ஐயோ, தோட்டத்துல இல்லம்மா! நான் செஞ்ச ஸ்பீக்கர் வேல இருக்கில்ல, அதுல!"

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அங்க பெரட்டு உண்டா?"

"இல்லம்மா."

"கொழுந்து நிறுக்கிறதா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னாத்துக்குப் பதியிறாங்க?"

"இத செஞ்சது நான்தான்னு எல்லாருக்கும் தெரியிறதுக்கு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எங்க, காட்டு," என்றாள். காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் அவளுக்கு வாசிக்க வரவில்லை, ஆனாலும் என் பெயர்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் பட்டதும் திரையில் பக்கம் நகர்ந்துவிட்டது. "அடியே, போயிருச்சிடி!" என்று அலறினாள்.

"போகாதும்மா. அழியாது."

நான் திரும்ப மேலே தள்ளிக் காட்டும்வரை என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. காட்டிய பிறகு, வாளிகளோடு நின்ற அத்தனை பேரையும் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்கடி! எம்மக பேர பதிஞ்சிருக்காங்க!"